சிகிச்சைக்குப் பின் இல்லறம்



இன்றைய பேச்சு கணவன் மனைவியருக்கு உரியது. பிள்ளைகள் அருகில் இருந்தால் அவர்களைச் சற்று நேரம் விளையாட அனுப்பிவிடுங்கள். பெரியவர்கள் இருக்கலாம். மாமியார்மார் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளை வேண்டிச் சிகிச்சை செய்துகொண்ட தம்பதியர், அது முடிந்த பிறகு உடலையும் உள்ளத்தையும் எப்படிப் பேணிக்கொள்வது, ஒருவரோடு ஒருவர் எப்படி மீண்டும் நெருங்கி வாழ்வது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பள்ளிக்கூட ஆசிரியருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விடை தெரியும். மருத்துவமனையிலிருந்து மலாய் மொழியில் ஒரு கடிதம் வந்தால், சேமநிதிப் பாரம் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் பிள்ளைக்காகச் சிகிச்சை பெற்ற தம்பதியரும் இருந்தார்கள். பாரத்தை நிரப்பிக் கொடுத்த பிறகும் அவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், பாரத்தில் கேட்கப்படாத கேள்விகள் அவர்கள் மனத்தில் எத்தனை இருக்கின்றன என்பது நமக்குப் புரிந்தது. அந்தக் கேள்விகளை மருத்துவர்களிடமும் தாதியரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சிகிச்சையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஓராண்டுக் காலம் தடையின்றி இல்லறம் நடத்தியும் கரு தரிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்துவிட்டால் ஆறு மாதத்திலேயே போவது நல்லது. சிலருக்குச் சினைமுட்டை வளர மாத்திரை கொடுத்தாலே போதும். சிலருக்குக் கணவரின் விந்தைத் தூய்மை செய்து கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். வேறு சிலருக்கு ஊசி போட்டுச் சினைமுட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருப்பையில் வைக்கிறார்கள். மக்கள் இதைச் சோதனைக் குழாய் முறை என்கிறார்கள். இம்முறையில் உலகின் முதல் குழந்தை 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1983இல் அப்படி ஒரு குழந்தை பிறந்தபோது, அந்த மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் என்னும் தமிழர்.

இது பணக்காரர் மருத்துவம் என்று ஒதுங்கியிருந்த காலம் மாறி வருகிறது. 1966இல் குடும்பத் திட்டத்துக்காகத் தோன்றிய வாரியம், பின்னர் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்று, பிள்ளையில்லாத் தம்பதியருக்கும் சிகிச்சை அளிக்கிறது. சில அரசாங்க மருத்துவமனைகளிலும் வசதி உண்டு. ஊழியர் சேமநிதியிலிருந்து இச்சிகிச்சைக்காகப் பணம் எடுக்க 2020 முதல் வழி செய்யப்பட்டது. ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களும் இன்று இந்த வாசலை ஏறுகிறார்கள். ஏறும்போது வழிசொல்லப் பலர் உண்டு. இறங்கி வரும்போது கைபிடிக்கத்தான் ஆளில்லை.

சிகிச்சை காலத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எந்த நாளில் சேர வேண்டும், எந்த நாளில் விலகியிருக்க வேண்டும் என்று மருத்துவர் குறித்துத் தருகிறார். சமையலறை நாள்காட்டியில் சிவப்பு வட்டம் விழுகிறது. கணவன் மனைவி சேர்க்கை பெரட்டுப் போல் ஆகிவிடுகிறது. விடியற்காலையில் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் என்று கணக்கு எழுதுகிறார்களே, அதுபோல! அன்றைக்கு மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். மாதம் முடிந்ததும் கணக்குப் பார்க்க வேண்டும். அரசமரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையை நாம் சொல்லிச் சிரிக்கிறோம். சிகிச்சையில் இருக்கும் பெண் நாளுக்குப் பத்துத் தடவை அப்படித் தொட்டுப் பார்க்கிறாள். அது சிரிப்பதற்கு உரியது அன்று.

இப்படி ஓராண்டு, ஈராண்டு கழிந்தால், பாயில் படுத்தாலே மருத்துவமனை நினைவு வருகிறது. தொட்டாலே ஊசி நினைவு வருகிறது. சிகிச்சை நின்ற பிறகும் இந்த நினைவு உடனே போவதில்லை. மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறாள். கணவன் கடைத்தெருவில் நேரம் கழித்து, அவள் உறங்கிய பிறகு வீடு திரும்புகிறான். ஒருவர் மேல் ஒருவருக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வந்திருப்பது களைப்பு. களைப்பை வெறுப்பு என்று எண்ணிப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. இந்த ஒன்றைத் தடுக்கவே இன்று இவ்வளவும் பேசுகிறோம்.

இனி உடலுக்கு வருவோம். உடல் தேறாமல் உள்ளம் தேறாது.

சினைமுட்டை எடுத்த பெண்ணுக்குச் சில நாட்கள் வயிறு உப்பலாக இருக்கும். மாதவிடாய் வலிபோல் வலிக்கும். கொஞ்சம் இரத்தக் கசிவும் இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்திருப்பதால் அன்று தனியே அனுப்பக் கூடாது. மோட்டார் சைக்கிள் ஓட்டவும் கூடாது. ஊசியினால் சினைப்பைகள் பெருத்திருக்கும். அவை பழைய அளவுக்குத் திரும்ப ஓரிரு வாரம் பிடிக்கும். அதுவரை பளு தூக்குதல், ஓடுதல், குதித்தல் வேண்டாம். பெருத்த சினைப்பை முறுக்கிக்கொண்டால் அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்ய நேரிடும். பால் வாளி சுமப்பவரும், செம்பனைக் குலை தூக்குபவரும், உரமூட்டை இழுப்பவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நோய்விடுப்பை வெட்கப்படாமல் எடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள் என்று சம்பளத்தோடு கூடிய நோய்விடுப்புத் தருகிறது. காரணத்தைத் தோட்டம் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவச் சான்று பேசும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வயிறு உப்பியிருக்கிறது என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாட்டிமார் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் சினைமுட்டை எடுத்த வயிற்றை யாரும் நீவக் கூடாது. வேர், லேகியம், ஜாமு என்று எது வந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் உட்கொள்ள வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முட்டை, மீன், பருப்பு, கீரை என்று வீட்டில் உள்ளதையே நன்றாகச் சாப்பிடுங்கள். அடுத்து மீண்டும் கருவுற நினைப்பவர்கள் நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் உட்கொள்ள வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்க அது உதவுகிறது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? வயிறு விறுவிறுவென்று வீங்கினால், ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடினால், விடாமல் வாந்தி எடுத்தால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், காய்ச்சல் அடித்தால், தாங்க முடியாத வலியோ மிகுந்த இரத்தப்போக்கோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊசி மருந்துக்குச் சினைப்பை அளவுக்கு மீறிப் பதில் சொல்வதால் வரும் ஆபத்து அது. வண்டி இல்லையென்றால் அக்கம்பக்கத்தாரை எழுப்புங்கள். மானம் பார்க்கும் நேரம் அதுவன்று.

கருவைக் கருப்பையில் வைத்த பிறகு அசையாமல் படுத்தே கிடக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். படுத்துக் கிடப்பதால் கரு ஒட்டும் வாய்ப்புக் கூடுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. நடக்கலாம், குளிக்கலாம், சோறு சமைக்கலாம். கரு நழுவி விழுந்துவிடுமோ என்று கழிவறைக்குப் போகவும் பயப்படும் பெண்களை நாம் கண்டிருக்கிறோம். அம்மா, கரு அப்படி விழுவதில்லை, பயத்தை விடுங்கள். கடுமையான வேலையை மட்டும் தள்ளி வையுங்கள். பத்துமலைக்கு நேர்ந்துகொண்டவர்கள் 272 படிகளை அந்த வாரமே ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பிறகொரு நாள் கரும்புத் தொட்டிலோடு ஏறும் பாக்கியம் வாய்க்கலாம். முருகன் காத்திருப்பான்.

இப்போது பலர் கேட்க விரும்பியும் கேட்காமல் திரும்பிவரும் கேள்வி. சிகிச்சைக்குப் பின் கணவனும் மனைவியும் எப்போது சேரலாம்?

மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களுக்கும், விந்தைக் கருப்பைக்குள் செலுத்திக்கொண்டவர்களுக்கும் பெரும்பாலும் தடை எதுவும் இல்லை. சினைமுட்டை எடுத்தவர்கள், வலியும் உப்பலும் நீங்கி மருத்துவர் சரி என்று சொல்லும் வரை பொறுக்க வேண்டும். கருவை வைத்த பிறகு, கரு தங்கியதா என்று இரத்தம் சோதிக்கும் நாள் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரம், பல மருத்துவர்கள் விலகியிருக்கச் சொல்கிறார்கள். கரு தங்கி, கர்ப்பம் நல்லபடியாக வளர்ந்தால், அந்தக் காலத்திலும் சேர்க்கையால் குழந்தைக்குத் தீங்கில்லை. இரத்தக் கசிவு இருந்தாலோ, நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னாலோ விலகியிருக்க வேண்டும். கரு கலைந்து போனவர்கள் இரத்தப்போக்கு முற்றிலும் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். இது ஒவ்வொருவர் உடம்புக்கும் மாறும். ஆகையால் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், "எப்போது சேரலாம்?" என்று இரண்டே சொல்லில் கேட்டுவிடுங்கள். மருத்துவர் நாள்தோறும் கேட்கும் கேள்விதான் அது. கேட்க நாணினால் ஒரு தாளில் எழுதித் தாதியிடம் கொடுங்கள்.

மருத்துவர் அனுமதித்துவிட்டார் என்பதாலேயே மனைவியின் மனம் இசைந்துவிட்டது என்று கணவன்மார் எண்ணக் கூடாது. கரு தங்குவதற்காகப் பெண்ணுறுப்பில் வைக்கும் மருந்தினால் கசிவும் எரிச்சலும் இருக்கும். மார்பு கனத்து வலிக்கும். வேறு சில மருந்துகளால் வறட்சி உண்டாகி, சேரும்போது வலிக்கும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் பெண், அடுத்த முறை அருகில் வரவே அஞ்சுவாள். வலிக்கிறது என்று மனைவி சொல்ல வேண்டும். சொன்னால் கணவர் நிறுத்த வேண்டும். வறட்சிக்கு மருந்தகத்தில் தண்ணீரில் கரையும் வழுவழுப்புக் களிம்பு கிடைக்கும். மீண்டும் கருவுற முயல்பவர்கள் விந்தணுவுக்குத் தீங்கு செய்யாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படியும் வலி தீராவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி பெண்ணின் தலைவிதி அல்ல.

கணவருக்கும் ஒரு துன்பம் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. குறித்த நாளில் கட்டாயம் சேர வேண்டும் என்ற நெருக்கடியில் ஆணுறுப்பு விறைக்காமல் போகலாம். மருத்துவமனை அறையில், வெளியே ஆட்கள் நடமாடும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, ஒரு சிறு புட்டியில் விந்து எடுத்துக் கொடுத்த அவமானம் அவர் மனத்தில் தங்கியிருக்கலாம். "நான் ஆம்பளையே இல்லை" என்று அவர் தனக்குள் முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவை மறக்கத்தான் போத்தலைத் தேடுகிறார். நெருக்கடி நீங்கி, சில வாரம் அமைதியாக இருந்தால், பலருக்கு இது தானே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் அதற்கும் மருத்துவம் உண்டு. கடைத்தெருவில் விற்கும் பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்கி விழுங்க வேண்டாம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். இரண்டு முறை சிகிச்சை செய்தும் கரு தங்கவில்லை. சேமித்த பணமும் தீர்ந்தது. எட்டு மாதம் ஒரே வீட்டில் இருவரும் விருந்தாளிகள் போல் வாழ்ந்தார்கள். ஒருநாள் அந்தப் பெண் சமையலறைச் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி, பரண்மேல் போட்டாள். அன்று மாலை கணவரிடம், "என்னங்க, இன்னைக்கு டாக்டர் சொன்ன நாளு இல்ல. சும்மா பக்கத்துல வந்து உக்காருங்க" என்றாள். அவர் வந்து உட்கார்ந்தார். அன்று வேறொன்றும் நடக்கவில்லை. தேநீர் குடித்தார்கள், பேசினார்கள், அவர் அழுதார். அதற்கு முன் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லையாம். பிறகு மாலை வேளைகளில் கோயில் வரைக்கும் நடக்கலானார்கள். பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறக்கவில்லை. அவர்கள் நன்றாக வாழ்கிறார்கள்.

"சும்மா பக்கத்துல உக்காருங்க" என்ற அந்த ஒரு வார்த்தையில் மருத்துவர்கள் சொல்லும் ஆலோசனை முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் சில வாரம் சேர்க்கையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள். பால் வெட்டி மரத்துப்போன தோளைப் பிடித்துவிடுங்கள். தொடுவது பிள்ளைக்காக என்றிருந்த எண்ணம் மாறி, தொடுவது அன்புக்காக என்று உடல் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டும். அரிச்சுவடி மறந்த பிள்ளைக்கு நாம் முதலிலிருந்து கையைப் பிடித்து எழுதப் பழக்குவதில்லையா? இதுவும் அப்படித்தான். கற்றுக்கொண்டால் மற்றது தானே வரும்.

சிகிச்சை பலிக்காமல் போனவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிறக்காத பிள்ளைக்கு அழுவதா என்று பிறர் கேட்பார்கள். அழலாம். பெயர் வைக்கவில்லை என்றாலும் அது இழப்புதான். கணவர் அழாமல் இருந்தால் அவருக்குத் துயரம் இல்லை என்று மனைவி நினைக்க வேண்டாம். மனைவி நாள்தோறும் அழுதால் அவள் அடங்காதவள் என்று கணவர் நினைக்க வேண்டாம். துயரம் இருவருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் இதைப் பற்றிப் பேசுவோம், மற்ற நேரத்தில் வேறு பேச்சுப் பேசுவோம் என்று வரம்பு கட்டிக்கொண்டவர்களுக்குப் பாரம் குறைந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் நாட்டமின்றிப் போனால் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சென்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். வீட்டாரிடம் உடனே சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துயரத்தைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே பிஃபிரெண்டர்ஸ் என்னும் தொண்டு அமைப்பும் நம் நாட்டில் இருக்கிறது.

மீண்டும் சிகிச்சைக்குப் போவதா, போதும் என்று நிறுத்துவதா என்பதை உடனே முடிவு செய்ய வேண்டாம். சில மாதம் போகட்டும். எவ்வளவு பணம், எத்தனை தடவை என்று இருவரும் சேர்ந்து முன்கூட்டியே எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதும் ஒரு முடிவுதான், அது தோல்வியாகாது. பிள்ளை தத்தெடுக்க நினைப்பவர்கள் 1952ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் பள்ளியில் சேரும் நாளில் பத்திரம் இல்லாமல் போகிறது. அந்தப் பெற்றோர் படும் பாட்டை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்கூடாகக் கண்டிருக்கிறோம்.

கணவன்மார் தம் உடலைப் பேணுவதும் இதில் அடங்கும். பிள்ளை இல்லை என்றால் பெண்ணையே சோதிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணமும், தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. ஒரு வரலாற்றைக் கேளுங்கள். 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்னும் பூச்சிமருந்தைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பதைத் தாங்களே பேசிக் கண்டுபிடித்தார்கள். சோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ இருந்தது. கோஸ்தாரிக்கா நாட்டு வாழைத் தோட்டத் தொழிலாளர் பலரும் அதே மருந்தால் பாதிக்கப்பட்டார்கள். அவர்கள் மனைவிமாருக்கு எத்தனை பழிச்சொல் விழுந்திருக்கும்!

நாம் தெளிக்கும் மருந்து அதுவல்ல. ஆயினும் விஷம் விஷம்தான். கையுறை, முகக்கவசம் இல்லாமல் மருந்து அடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் குளித்து, உடை மாற்றி, பிறகு மனைவி பக்கம் போங்கள். மருந்து அடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். சிகிச்சை பெறும் காலத்தில் வேறு வேலை தரும்படி மேலாளரிடம் கேளுங்கள். புகையும் குடியும் விந்தைக் கெடுக்கும். விந்தணு உருவாக 70 முதல் 75 நாள் ஆகும். இன்று விட்ட சிகரெட்டின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஆகவே ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன், பயனில்லை என்று மீண்டும் தொட வேண்டாம்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை. வாழ்நாளில் ஒரு தடவையேனும் கருவுறுதலில் தடை காண்பவர்கள் ஆறு பேரில் ஒருவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. உங்கள் மருமகள் ஒருத்தி மட்டும் இந்த நிலைமையில் இல்லை. "மலடி" என்ற சொல்லை வீட்டை விட்டு வெளியே தள்ளுங்கள். வளைகாப்புக்கு அழைக்காமல் அவளை ஒதுக்குவது, பச்சைப்பிள்ளையை அவள் தூக்கக் கூடாது என்று தடுப்பது, மகனுக்கு இன்னொரு பெண் பார்க்கலாமா என்று அவள் காதில் விழப் பேசுவது, இவையெல்லாம் ஊசியைவிட ஆழமாகக் குத்துகின்றன. சிகிச்சைக்குப் போய்வந்த நாளில், "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "வாம்மா, சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

அடுத்தது இடம். இரண்டு அறை வீட்டில் ஆறேழு பேர் வாழும்போது கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச மூலை ஏது? பலகைச் சுவருக்குக் காது உண்டு. வாரத்தில் ஒரு மாலையாவது பெரியவர்கள் சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்வாருங்கள். உட்புற அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டாம்; அவர்களுக்கே புரியும். மருந்துச் செலவுக்குப் பணம் கொடுக்க முடியாத பெற்றோரும் இந்தத் தனிமையைக் கொடுக்கலாம்.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுகிறோம். சினைமுட்டை எடுத்த உடலுக்கு ஓய்வு கொடுங்கள். வயிற்றை நீவ வேண்டாம். ஆபத்தின் அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எப்போது சேரலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனைவியின் விருப்பத்தை மனைவியிடம் கேளுங்கள். வலியை மறைக்க வேண்டாம். சேர்க்கைக்கு முன் அண்மையைத் தேடுங்கள். துயரத்தை இருவரும் சேர்ந்து சுமங்கள்.

பிள்ளை வேண்டும் என்று மருத்துவரிடம் போவதற்கு முன்னால் நீங்கள் ஒருவரை ஒருவர் விரும்பி மணந்தவர்கள். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அந்திமக் காலம் வரை உடனிருக்கப் போகிறவர்கள் நீங்கள் இருவரும்தான். இன்று இரவு வேலைக் களைப்போடு வீட்டில் உட்காரும்போது, நாள் கிழமை பார்க்காமல், ஒருவர் பக்கத்தில் ஒருவர் சற்று நேரம் உட்காருங்கள்.